43 வயது, செஸ் ரேட்டிங் 1562. ஒரு வருடத்தில் 1800 என்பது பேராசையா?

மலைக்கோட்டை_மருந்துக்கடை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

திருச்சியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆடிய செஸ்ஸைக் கல்லூரியோடு விட்டவன். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரெங்கும் வேட்டி கட்டிய குதிரைத் தம்பி நின்றுகொண்டிருந்தானே, அவனைப் பார்த்துவிட்டு என் பெண்ணுக்கு ஒரு போர்டு வாங்கினேன். அவள் மூன்று வாரத்தில் விட்டுவிட்டாள். எனக்குத்தான் பிடித்துக்கொண்டது.

உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஆட்டக்காரரின் பலத்துக்குக் கொடுக்கும் எண்தான் ரேட்டிங். 2023 கடைசியில் எனக்கு முதல் ரேட்டிங் வந்தது, 1130. அடுத்த மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஃபிடே ஒரேயடியாக ஏற்றிக் கொடுத்தது நினைவிருக்கும். 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதம். எனக்கு 870 குறைந்தது, 348 கிடைத்தது. ஒரு காயைக்கூட நகர்த்தாமல், கல்லாவில் உட்கார்ந்து பாராசிட்டமால் விற்றுக்கொண்டிருந்தபோதே 1478 ஆகிவிட்டேன். மச்சான் போன் போட்டு வாழ்த்தினார். நானும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் ஏழு டோர்னமென்ட் ஆடி, சொந்தச் சம்பாத்தியமாகச் சேர்த்தது 84 புள்ளி. இப்போது 1562.

இந்த வருடம் ஜனவரி 1 அன்று, கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் மருந்துக் கம்பெனிக் காலண்டரில் மார்க்கரால் பெரிதாக 1800 என்று எழுதினேன். ஏன் 1800 என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று, லிசெஸ் என்ற இணையதளத்தில் ஆடும் ராப்பிட் வேக ஆட்டத்தில் 1850 காட்டுகிறது. இன்னொன்று, 2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம் முடிந்த சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். போனை பில் புத்தகத்துக்கு நடுவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிங் லிரன் யானையை எஃப்2-இல் வைத்துக் கோட்டை விட்டதும் கையில் இருந்த மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டேன். எதிரே நின்ற பாட்டி, "என்னப்பா, யாருக்காவது முடியலையா?" என்றார். அந்த வேகத்தில் எழுதியதுதான் 1800.

ஆறு மாதம் ஆகிவிட்டது. ஏறியது 14 புள்ளி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், போன மாதம் நடந்ததைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

கல்யாண மண்டபத்தில் ஒரு டோர்னமென்ட், கடைசி ரவுண்டு. எதிரே பதினொரு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. ரேட்டிங் 1480. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடவில்லை. மூன்றரை மணி நேரம் ஆடி, ராஜாவும் யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சும் யானை எண்ட்கேமுக்கு வந்துவிட்டோம். எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். அது டி7-இல், என் ராஜா அதற்கு முன்னால் டி8-இல், யானை எஃப்1-இல். அவள் ராஜா ஜி7-இல் ஒதுங்கி நிற்கிறது, யானை சி2-இல். புத்தகம் படித்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள், லூசேனா நிலை, ஜெயிக்கும் வழி புத்தகத்திலேயே இருக்கிறது. யானையை நான்காவது வரிசைக்கு ஏற்றி வைத்துவிட்டு ராஜாவை வெளியே கொண்டுவந்தால், அவள் எத்தனை செக் கொடுத்தாலும் கடைசியில் யானையைக் குறுக்கே போட்டு மறைத்துக்கொள்ளலாம். பாலம் கட்டுவது என்பார்கள். அந்த வீடியோவை நான்கு தடவை பார்த்தவன் நான்.

என் கடிகாரத்தில் ஆறு நிமிடம் இருந்தது. மூளை போர்டில் இல்லை, கூட்டல் கழித்தலில் இருந்தது. ஜெயித்தால் 7.8 கூடும். டிரா என்றால் 2.2 போகும். ஏதாவது சொதப்பித் தோற்றால் 12.2 போகும், ஆறு மாதச் சேமிப்பும் காலி. கை தானாக நீண்டு டிரா கேட்டுவிட்டது. அந்தக் குழந்தை என்னைப் பார்த்தது, போர்டைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. "நிஜமாவா அங்கிள்?" என்று கேட்டுவிட்டுக் கை கொடுத்தது.

ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: "ஏன் அங்கிள் பாலம் கட்டல?"

காலண்டரில் 1800-ஐ அடித்துவிட்டு 1600 என்று எழுதிவிடட்டுமா? வீட்டில் காலண்டரையே கழற்றச் சொல்கிறார்கள். கடைப்பையன், "பெருசா நினைச்சாத்தான் சார் பாதியாவது கிடைக்கும்" என்கிறான். உங்களில் யாராவது நாற்பதுக்கு மேல் ஏறியிருந்தால், இலக்கை எப்படி வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை_கோவை

அண்ணா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், வருத்தத்தை அப்புறம் பார்க்கலாம்.

உங்களுக்கு கே மதிப்பு 20. அதாவது ஓர் ஆட்டத்தில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாக எடுக்கிறீர்களோ, அதன் 20 மடங்குதான் ஏறும். சரி, ஒரு கற்பனை. நாளை காலை தூங்கி எழுந்ததும் உங்களுக்கு 1800 பலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் வருடத்துக்கு நான்கு டோர்னமென்ட், ஒவ்வொன்றிலும் 9 ரவுண்டு, எதிராளிகள் எல்லாம் உங்கள் ரேட்டிங்கை ஒட்டியவர்கள். முதல் டோர்னமென்டில் சுமார் 54 ஏறும். அடுத்ததில் 44. அப்புறம் 35, அப்புறம் 27. மேலே போகப் போக ஏற்றம் சுருங்கும். வருடக் கடைசியில் 1720 சொச்சத்தில் நிற்பீர்கள். கொஞ்சம் மேலே இருப்பவர்களோடு ஆடினால் சற்றே கூடும், தலைகீழாக எதுவும் மாறாது.

இது ஒரே ராத்திரியில் 1800 பலம் வந்துவிட்டால். நமக்கு அப்படி வருவதில்லை. ஆகவே காலண்டரில் இருக்கும் எண் அந்த வருடத்துக்குள் நடக்கவே முடியாதது. அதை எட்டவில்லை என்று நொந்துகொள்வது மே மாதத்தில் பொங்கல் வரவில்லையே என்று நொந்துகொள்வது போல.

அந்தப் பதினொரு வயதுக்கு கே 40. 18 வயது ஆகும் வரை, 2300-ஐத் தாண்டாத வரை அப்படித்தான். அப்படி இருந்தும் குழந்தைகளின் ரேட்டிங் அவர்களின் பலத்தைத் துரத்திப் பிடிக்க முடியாமல் பின்னாலேயே ஓடி வரும். 1480 என்று எழுதியிருந்தாலும் உங்கள் எதிரே உட்கார்ந்தது 1480 இல்லை. லூசேனா தெரிந்த 1480-ஐ நான் பார்த்ததில்லை.

லிசெஸ் 1850-ஐ விட்டுவிடுங்கள். அங்கே எல்லோரும் 1500-இல் ஆரம்பிக்கிறோம், அது தனிக் குளம். அந்தக் குளத்து மீனை இந்தக் குளத்துத் தராசில் நிறுக்க முடியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுக்குள் 2000 என்று வைத்திருந்தேன். அதற்காக சிசிலியன் என்ற ஓப்பனிங்கில் (ஆட்டத் தொடக்கத்தில்) நஜ்டார்ஃப் என்ற கிளை 20 மூவ் மனப்பாடம். கிளைக் கிளையாக எக்செல் ஷீட்டில் எழுதி, ஆபீஸ் பஸ்ஸில் படிப்பேன். மூன்று மாதம் ஆயிற்று. அதற்கப்புறம் ஆடிய டோர்னமென்டில் முதல் எதிராளி இரண்டாவது மூவிலேயே சி3 வைத்தார். அவ்வளவுதான், எக்செல் ஷீட் அவுட். அந்த டோர்னமென்டில் 60 புள்ளி இறங்கியது. ஒன்றரை வருடம் போர்டைத் தொடவில்லை. இலக்கு பெரிதாக இருந்ததால் விட்டேனா, நான் முட்டாள்தனமாகப் படித்ததால் விட்டேனா என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

இந்த ரேட்டிங் முறையை உருவாக்கிய எலோ ஓர் இயற்பியல் பேராசிரியர். அவர் செய்து கொடுத்தது ஓர் அளவுகோல். தெர்மாமீட்டரை முறைத்துப் பார்த்தால் ஜுரம் இறங்காது என்று உங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நீங்களே எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்?

பிஷப்_ஜோடி

இதற்கு இவ்வளவு யோசனையா? ஒரு வருடம் என்பதை மூன்று வருடம் என்று மாற்றுங்கள் சார். வேலை முடிந்தது.

மலைக்கோட்டை_மருந்துக்கடை

மாற்றலாம். மூன்று வருடம் பயந்துகொண்டே ஆடுவேன்.

கணக்குப்பிள்ளை தம்பி, 54, 44, 35, 27-ஐ பில் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். இது ஏன் ஜனவரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை!

ஞாயிறு_கிளப்_ஈரோடு

தம்பி, நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், வயது 67. எங்கள் ஊரில் ஒரு லைப்ரரிக்குப் பின்னால் உள்ள அறையில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். சுருட்டி வைக்கும் போர்டு நான்கு, காய் மூன்றரை செட். ஒரு செட்டில் கறுப்பு ராணிக்குப் பதிலாக ஒரு தைலப் பாட்டில் மூடி நிற்கிறது. ஆறு வருடமாக யாரும் அதை மாற்றவில்லை.

உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். 1800, 1600 எல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான்கு தடவை வீடியோ பார்த்த ஒருவர் போர்டில் அதே நிலை வந்தபோது தன் கையை நம்பவில்லை என்பதுதான் பட்டது. பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்று, கை போவது இன்னொன்று. வாய்ப்பாடு சொல்லத் தெரிந்த பையன் பரீட்சை ஹாலில் 7 எட்டு எவ்வளவு என்று விழிப்பதை முப்பத்து நான்கு வருடம் பார்த்தவன் நான்.

நான் செய்தது என்னவென்று சொல்கிறேன். ஒரு லாங் சைஸ் நோட்டு. தோற்ற ஆட்டத்துக்கு ஒரு வரி. தேதி, எத்தனையாவது மூவில் கெட்டது, அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது. இந்த மூன்றாவது முக்கியம். எந்த மூவ் சரியானது என்று எழுதாதீர்கள், அதைக் கம்ப்யூட்டர் சொல்லும். அப்போது நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அன்று ராத்திரியே எழுதிவிட வேண்டும், மறுநாள் எழுதினால் பொய் கலந்துவிடும்.

முப்பது தோல்வி சேர்ந்ததும் உட்கார்ந்து படித்தேன். அதில் 22 தோல்வி, நான் எதையாவது வெட்டி எடுத்த அடுத்த இரண்டு மூவுக்குள் நடந்திருக்கிறது. சிப்பாய் கிடைத்தது, பிஷப் கிடைத்தது, மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் எதிராளியின் குதிரை எங்கே பார்க்கிறது என்று பார்ப்பதில்லை. "ஓப்பனிங் பலவீனம்" என்று நாற்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், நோட்டில் ஓப்பனிங்கில் கெட்டது இரண்டே ஆட்டம்!

அந்த வருடம் எனக்கு ஒரே இலக்கு. எதையாவது வெட்டியதும் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருபது வரை எண்ணுவது. பக்கத்து போர்டு பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த வருடம் 1590-லிருந்து 1655-க்கு ஏறினேன். அடுத்த வருடம் கண் ஆபரேஷன், மூன்று டோர்னமென்ட் சொதப்பல், 1610-க்கு இறங்கினேன். நோட்டில் மட்டும் அந்த வரி திரும்ப வருவது குறைந்தபடியே இருக்கிறது.

உங்களுக்கு வேலை ஒன்று தருகிறேன். அந்த டி7 நிலையை வீட்டில் அப்படியே வைத்து, கம்ப்யூட்டரோடு இரண்டு நிமிடக் கடிகாரத்தில் ஐம்பது தடவை ஜெயியுங்கள். அப்புறம் சி ஃபைலுக்கு மாற்றி, எஃப் ஃபைலுக்கு மாற்றி இன்னும் கொஞ்சம். கடை மூடிய பிறகு ஒரு நாளைக்கு ஐந்து. இரண்டு வாரத்தில் கை போகும்.

நங்கநல்லூர்_ராணி

ஐயா சொல்வதில் முக்கால்வாசியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இழையில் எல்லோரும் சேர்ந்து பெரிய இலக்கைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. அதற்காக ஒருத்தியாவது பேச வேண்டும்.

என் பையனை செஸ் கிளாஸுக்குக் கூட்டிப்போய், வெளியே அம்மாக்கள் உட்காரும் பெஞ்சில் காத்திருந்து, ஜன்னல் வழியாக வெள்ளைப் பலகையைப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். அப்போது 31 வயது. இப்போது 38, ரேட்டிங் 1742. என் இலக்கு அன்றும் இன்றும் 2000. எட்டுவேனா? கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் ஷீட் போட்டு என்னை அழவைப்பார்.

ஆனால் 1600 போதும் என்று நினைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? மூன்று பொறி ஓப்பனிங்கை வைத்துக்கொண்டு, எஃப்7-இல் குதிரையை விட்டு, மாட்டுகிற பிள்ளைகளை மாட்டி, 1600-க்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டுமான பிலோ 1600 டோர்னமென்டில் கோப்பை வாங்கியிருப்பேன். அதற்கு அது போதும். எண்ட்கேம் படித்தே இருக்க மாட்டேன். எனக்கு எண்ட்கேம் என்றால் வேப்பங்காய். 2000 என்று வாயால் சொல்லிவிட்டதால்தான் வேறு வழியில்லாமல் படித்தேன்.

இன்னொன்று. பிலோ 1600 என்று ஒரு கிராமம் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே 1590-இல் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் உண்டு. பரிசுக்கு இரண்டு டோர்னமென்ட் நன்றாக ஆடுவார்கள், தாண்டிவிடும் போலிருந்தால் மூன்றாவதில் யாரிடமாவது தோற்றுவிடுவார்கள். சின்ன இலக்கு உங்களை அங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லவில்லை. அந்தத் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்கிறேன்.

நான் 1520-இல் இருந்தபோது பிலோ 1600-ஐ விட்டுவிட்டு, எந்த ரேட்டிங்காரரும் ஆடலாம் என்கிற ஓப்பனுக்குப் போனேன். எல்லோரும் தடுத்தார்கள். சராசரி எதிராளி 1750. ஒன்பது ரவுண்டில் இரண்டரைதான் எடுத்தேன். ஐந்தாவது ரவுண்டு முடிந்து கழிவறையில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் 12 புள்ளி ஏறியிருக்கிறது! அந்த இடைவெளிக்கு இரண்டு புள்ளிகூட எதிர்பார்க்க மாட்டார்கள். இரண்டரை எடுத்தால் லாபம்தான். அன்றிலிருந்து எனக்கு ரேட்டிங் பயம் போய்விட்டது.

சார், நீங்கள் 1800-ஐ அடிக்காதீர்கள். அந்தக் காலண்டரில் இருந்து "ஒரு வருடம்" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இரண்டு காரியம். அடுத்த டோர்னமென்ட் ஓப்பனில் ஆடுங்கள். இந்த வருடம் முடியும் வரை நீங்களாக டிரா கேட்காதீர்கள். எதிராளி கேட்டால் உங்கள் இஷ்டம். நீங்கள் கேட்கக் கூடாது.

குகேஷ் பேச்சை எடுத்தீர்கள். அந்தப் பையன் சின்ன வயதிலேயே உலகச் சாம்பியன் ஆவேன் என்று சொன்னது உண்மை. அதற்காகப் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தினார்கள், அப்பா டாக்டர் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடவே ஊர் ஊராக அலைந்தார். நமக்கு ராத்திரி பத்தரைக்கு மேல் ஒரு மணி நேரம். ஆசையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம், கெடுவை வாங்கிக்கொள்ள முடியாது.

கணக்குப்பிள்ளை_கோவை

அக்கா, ஷீட் போட்டுவிட்டேன். உங்களுக்கு இப்போது காட்டப் போவதில்லை.

டிரா கேட்காதே என்பது நல்ல விதி. ஆனால் தோற்கிற நிலையில்கூடக் கேட்கக் கூடாதா?

நங்கநல்லூர்_ராணி

தோற்கிற நிலையில் டிரா கேட்பதற்குப் பெயர் வேறு தம்பி.

மலைக்கோட்டை_மருந்துக்கடை

காலண்டரில் 1800 அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே "டிரா கேட்காதே" என்று எழுதிவிட்டேன். காலையில் கடைப்பையன் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எந்த டிராயரைச் சார் கேட்கக் கூடாது?" என்றான். மாத்திரை எல்லாம் டிராயரில்தானே இருக்கிறது, பாவம் குழம்பிவிட்டான்.

லூசேனா இதுவரை 31 தடவை. முதல் பத்தில் நான்கு டிரா ஆயிற்று. ராஜாவை அவசரப்பட்டு முதலில் வெளியே எடுத்துவிடுகிறேன், யானை இன்னும் முதல் வரிசையிலேயே நிற்கிறது. செக் வந்துகொண்டே இருக்கிறது, மறைக்க ஆள் இல்லை. நான்கு தடவை வீடியோ பார்த்தபோது இது கண்ணில் படவே இல்லை ஐயா.

மலைக்கோட்டை_மருந்துக்கடை

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். ஓப்பனில் ஆடிவிட்டேன். நான்கு நாள் கடையை மச்சான் பார்த்துக்கொண்டார். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று நாளுக்கு எட்டு போன். ஹாலுக்குள் போன் கூடாது என்பதால் ரவுண்டு முடிந்து வெளியே வந்தால் வரிசையாக மிஸ்டு கால்.

ஏழாவது ரவுண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எதிரே கல்லூரிப் பையன், 1690. நம்ப மாட்டீர்கள், மறுபடியும் யானை எண்ட்கேம், எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். 54-ஆவது மூவில் அவன் டிரா கேட்டான். ஒப்புக்கொண்டால் எனக்கு 3.4 கூடும், இந்தக் கணக்கு மட்டும் கேட்காமலேயே வந்துவிடுகிறது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அப்புறம் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

61-ஆவது மூவில் தோற்றேன். என் ராஜாவும் யானையும் ஒரே வரிசையில் நின்றன, ராஜா முன்னால், யானை பின்னால். அவன் பக்கவாட்டில் செக் வைத்தான். ராஜாவை நகர்த்தினேன், யானை போயிற்று. கடிகாரத்தில் நான்கு நிமிடம் மிச்சம் இருந்தது, அவசரம் என்றுகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. 3.4-க்குப் பதில் 6.6 போனது.

வெளியே வந்து பேக்கரியில் ஒரு முட்டை பப்ஸ் தின்றேன். விசித்திரம் என்னவென்றால், அந்தக் குழந்தையிடம் டிரா கேட்ட அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை. அன்று அரைப் புள்ளி வாங்கியிருந்தேன், இன்று பூஜ்யம். இன்று இரண்டாவது பப்ஸ் வாங்கலாமா என்று யோசித்தேன்.

மொத்தம் ஒன்பதுக்கு மூன்று. எல்லாம் கூட்டிக் கழித்து 4 புள்ளி ஏறியிருக்கிறது, 1566. ராணி மேடம் சொன்ன மாதிரியேதான். 1800-க்கு இன்னும் 234.

நோட்டு போட்டுவிட்டேன் ஐயா. அன்று ராத்திரி லாட்ஜில் எழுதியது: "ரவுண்டு 7. மூவ் 61. நினைத்தது: இதை இணையத்தில் எப்படி எழுதுவது என்று."

ஞாயிறு_கிளப்_ஈரோடு

கடைசி வரியைப் படித்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

54-ஆவது மூவின் நிலையைப் போடுங்கள் தம்பி. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் என்று ஒழுங்காக எழுதுங்கள், வாயால் சொன்னால் புரியாது. ஞாயிறு காலை பத்து மணிக்குள் வந்தால் கிளப்பில் வைத்துப் பார்த்துவிடுகிறோம். அது உண்மையிலேயே ஜெயிக்கிற நிலைதானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது.